மலைக்குளிரில் கேம்பர் வேனின் காஸ் அடுப்பு தணிந்துபோவது ஏன்?

சூரியநெல்லிப் பயணி:
வணக்கம். டெம்போ டிராவலர் ஒன்றைக் கேம்பர் வேனாக மாற்றி, சூரியநெல்லி, டாப் ஸ்டேஷன் பக்கம் குடும்பத்தோடு தங்கி வருகிறோம். அதில் 5 கிலோ சிலிண்டரும் இரண்டு பர்னர் அடுப்பும் உள்ளன. போடியில் சீறி எரியும் அடுப்பு, மேலே வந்ததும் விடியற்காலையில் நன்றாகப் பற்றிக்கொண்டு, இட்லிப் பானையில் ஆவி வருவதற்குள் தணிந்துவிடுகிறது. எடை போட்டு, சிலிண்டரில் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்தால் பாதி காஸ் மீதமிருக்கிறது. சிலிண்டரின் அடிப்பாகத்தில் மட்டும் வெண்பனி படிகிறது. ரெகுலேட்டர் பழுதாகியிருக்குமா?

தேவிகுளம் வாசகர்:
அண்ணா, அந்த வெண்பனியின் மேல் விளிம்புதான் உள்ளே இருக்கும் திரவத்தின் மட்டம். திரவம் காஸாக மாறுவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் பெறுகிறது. குளிரில் இரண்டு பர்னரையும் முழுதாகத் திறந்தால் அந்த வெப்பம் போதிய வேகத்தில் வந்து சேராமல் திரவம் குளிர்ந்து, அழுத்தம் இறங்கிவிடுகிறது. சிலிண்டர் சிறியதாக இருந்தால், அதுவும் பாதியாகிவிட்டால், திரவம் தொடும் சுவர்ப்பரப்பு இன்னும் குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் சிலிண்டர்களில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனோ பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் கொதிக்கும். முதலில் புரொப்பேனே அதிகம் வெளியேறுவதால், பாதிக்குப் பிறகு எஞ்சுவதில் பியூட்டேனின் பங்கு கூடி, அதே குளிரில் அழுத்தம் முன்பைவிடக் குறைகிறது.

சுடர் தணிந்ததும் ஒரு பர்னரை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். மற்றது மெல்லத் தேறினால் காரணம் இதுதான். நண்பகல் வெயிலிலும் பற்றவைத்த உடனே மந்தமாக எரிந்தால் ரெகுலேட்டரையும் டியூபையும் சந்தேகிக்கலாம். எக்காரணம் கொண்டும் சிலிண்டரைத் தீயில் காட்டவோ, கொதிநீர் ஊற்றவோ, படுக்கவைக்கவோ கூடாது. படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் பாய்ந்துவிடும்.

குமுளி மெக்கானிக்:
மேலே சொன்னது சரி. ஆனாலும் வேன் என்பதால் டியூபையும் பாருங்கள். பலகைத் துளை வழியாக வரும் இடத்தில் அது நசுங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னரின் காற்றுத் துளையில் தூசியோ சிலந்தி வலையோ அடைத்திருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் சோறு வேகத் தாமதமாகும். அந்தத் தாமதத்துக்குக் காஸ் காரணமல்ல.

சூரியநெல்லிப் பயணி:
மிக்க நன்றி. இன்று காலை ஒரு பர்னரை அணைத்ததும் மற்றது தேறிவிட்டது. இரவில் சிலிண்டரைக் கழற்றி, நாங்கள் தூங்கும் இடத்தில் கதகதப்பாக வைத்துக்கொள்ளலாமா?

தேவிகுளம் வாசகர்:
தயவுசெய்து வேண்டாம். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல், குழந்தைகள் படுக்கும் தரையோடு தேங்கும். வேனின் உட்புறத்தோடு தொடர்பில்லாத, அடியில் வெளிக்காற்றுக்குத் திறந்த துளையுள்ள தனிப்பெட்டியில், நிமிர்த்தி பெல்ட்டால் கட்டியே வையுங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மலைப்பாதையின் குலுக்கலில் இணைப்புகள் தளரும் என்பதால், நிறுத்தியதும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கசிவுக்கான அவசர எண் 1906. குளிர்காலத்துக்கு மட்டுமாவது பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்; பெட்டியில் இடமில்லையென்றால், பாதியான சிலிண்டரை அடிவாரத்தில் தீர்த்துக்கொண்டு, நிறைந்ததை மலைக்குக் கொண்டுவாருங்கள்.