எச்.எம். ஃபிலிம் நீளவாக்கில் பிளக்கிறது: டையை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஈரோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் சிறு ஆலையில், முன்பு எல்.டி. (குறை அடர்த்தி பாலிஎத்திலீன்) ஓட்டிய 45 மி.மீ. ஸ்குரூ கொண்ட புளோன் ஃபிலிம் இயந்திரத்தில் (உருகிய பிளாஸ்டிக்கைக் குமிழாக ஊதி ஃபிலிமாக்குவது) பொங்கலுக்குப் பிறகு எச்.எம். (அதிக மூலக்கூறு எடை கொண்ட உயர் அடர்த்தி பாலிஎத்திலீன்) குருணை ஓட்டுகிறோம். 20 மைக்ரான் ஃபிலிமின் ஓரத்தில் நகம் பட்டாலே ரோல் ஓடும் திசையில் நேர்க்கோடாகப் பிளந்துவிடுகிறது. குறுக்குவாக்கிலோ கையால் கிழிப்பதே கடினம்.

டையின் (உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் வட்ட வாய்) விட்டம் 80 மி.மீ., குமிழைத் தட்டையாக மடித்த அகலம் 250 மி.மீ.; அதாவது ஊதல் விகிதம் (குமிழின் விட்டம் டையின் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) ஏறக்குறைய 2. குமிழ் டைக்கு மேல் 20 செ.மீ. உயரத்திலேயே உறைந்துவிடுவதால், பக்கவாட்டில் போதிய அளவு விரியாமல் மூலக்கூறுகள் நீளவாக்கிலேயே அணிவகுத்து நின்றுவிடுகின்றன என்பது என் கணிப்பு.

உருகு வெப்பநிலையை 190 டிகிரியிலிருந்து 210 வரை உயர்த்தியும், வேறு லாட் குருணை போட்டும் மாற்றமில்லை. எல்.எல்.டி. (நேரியல் குறை அடர்த்தி பாலிஎத்திலீன்) கலந்தபோது பிளவு சற்றுக் குறைந்தது. ஆனால் வாடிக்கையாளர் விரும்பும் விறைப்பும் சரசரப்பும் போய்விட்டன. ஏர் ரிங் (குமிழைச் சுற்றிக் குளிர்காற்று வீசும் வளையம்) காற்றைக் குறைத்துக் குமிழின் கழுத்தை (டைக்கு மேல் விரிவதற்கு முன் உள்ள குறுகிய பகுதி) உயர்த்தினால், அது ஆடி ஆடித் தடிமன் ஒரு பக்கம் கூடிவிடுகிறது.

குமிழுக்குள் நிலைநிறுத்தும் தண்டு பொருத்தி இதே டையில் நீண்ட கழுத்தை ஆடாமல் நிறுத்த முடியுமா, அல்லது ஊதல் விகிதம் 4 வருமாறு 40 மி.மீ. டைக்கு மாறியே ஆக வேண்டுமா?