'இலட்சிய வகை' வேண்டாம், 'புனைவகை' சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒரு சமூக அமைப்பின் தர்க்கத்தை மிகைப்படுத்தி மனதில் கட்டி, அதை உண்மையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுக்கருவி ஒன்றை ஜேர்மன் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் 1904இல் விளக்கினார். ஆங்கிலத்தில் ideal type எனப்படும் அதை நமது சமூகவியல் நூல்கள் 'இலட்சிய வகை' என்கின்றன. இந்தச் சொல்லை மாற்றியே ஆகவேண்டும். இது பிள்ளைகளைப் பிழையான வழியில் கொண்டுபோகிறது.

'மரபான யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றை இலட்சிய வகையாகக் கற்பனை செய்து ஆராய்க' என்று ஒப்படை கொடுத்தேன். வந்தவை பெரும்பாலும் பொற்காலக் கதைகள். நடுவில் கோயில், சுற்றிவர வயல், ஆளுக்கொரு தொழில், ஊரில் பிணக்கே இல்லை. ஒரு பிள்ளை மட்டும் செத்தவீடு ஒன்றை எடுத்திருந்தார். வெள்ளை கட்டுவது யார், பறை அடிப்பது யார், யார் எந்த இடம்வரை வரலாம், கூலி காசா, அறுவடை நெல்லா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குடிமை முறையின், அதாவது சாதிப்படி ஊழியம் பிரித்த முறையின், தர்க்கத்தை அதன் எல்லைவரை இழுத்துக் காட்டியிருந்தார். வெபர் கேட்டது இதைத்தான். அப்படி ஒரு ஊர் எங்கும் இருந்திருக்கத் தேவையில்லை. இருக்கவேண்டும் என்று நாம் ஆசைப்படவும் தேவையில்லை.

அப்புறம்தான் உண்மையான ஊரைப் பக்கத்தில் வைக்கிறோம். கற்பனை ஊர் தன்னிறைவானது. யாழ்ப்பாணமோ திருவிதாங்கூருக்குப் புகையிலை விற்றுக் காசு பார்த்தது. கற்பனை ஊரில் எல்லோரும் மனமொத்துக் கடமை செய்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலோ அடிமைகள் பற்றிய விதிகளே இருக்கின்றன. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகவே போராட வேண்டியிருந்தது. விலகல் எங்கே, ஏன் என்று கேட்க வைப்பதற்கே அந்தக் கற்பனை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்க்கைமையும் இப்படி உரசிப் பார்க்கலாம். மரபுச் சமூகத்தைப் பிணைப்பது ஒத்ததன்மை என்றார் அவர் (1893). நம் ஊரில் வேலைப்பிரிவு பிறப்போடேயே வந்துவிடுகிறது. அதே நூலில் அவர் 'கட்டாய வேலைப்பிரிவு' பற்றிப் பேசும் பகுதிதான் நமக்குக் கிட்ட வருகிறது.

'இலட்சிய வகை'க்கு மாற்றாக இங்கே முன்பு முன்மொழியப்பட்ட 'தூய வகை' எனக்கு உடன்பாடில்லை. வெபரும் அப்படிச் சொன்னதுண்டு, சரி. ஆனால் துடக்கும் தீட்டும் பேசும் பக்கத்தில் 'தூய' என்ற சொல் நின்றால் விபரீதம். என் முன்மொழிவு 'புனைவகை'.

---

தங்கச்சி, உங்கள் காரணங்கள் எல்லாம் சரி. 'இலட்சிய' போகட்டும். ஆனால் 'புனை' என்றதும் பொய்க்கதை என்று எடுத்துவிடுவார்களே? 'மாதிரி வகை' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

---

அண்ணை, வீட்டுத்திட்டங்களில் 'மாதிரிக் கிராமம்' என்று பலகை வைக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 'மாதிரி' என்றால் பின்பற்றத் தக்கது. மறுபடியும் பொற்காலம்தான் எழுதும். மாலை புனைவதும் ஓவியம் புனைவதும் பொய்யில்லையே, கையால் ஆக்குவதுதானே. புனைவகை வினைத்தொகை என்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது: புனைந்த, புனைகின்ற, புனையும் வகை. புதுத் தரவு வந்தால் ஆய்வாளர் திருத்திப் புனையலாம். வெபரும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்.

அடுத்த ஒப்படைக் கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: 'குடிமை முறையின் புனைவகை ஒன்றை அமைத்து, உங்களுக்குத் தெரிந்த ஊர் அதிலிருந்து விலகும் இடங்களை விளக்குக.' 'அமைத்து' போதுமா, 'புனைந்து' என்றே போடவா?