தத்சின்ஸ்காயாவுக்குப் பிறகு யூ-52 பிரிவுகள்: உதவி தேவை

இரண்டாம் உலகப் போரில் ஸ்டாலின்கிராடில் சுற்றிவளைக்கப்பட்ட ஜெர்மன் படைக்குச் சரக்கு சுமந்த யூங்கர்ஸ் யூ-52 போக்குவரத்து விமானப் பிரிவுகளின் நாள்வாரி வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். 1942 டிசம்பர் 24இல் சிக்கி நிற்கிறேன். அன்று காலை சோவியத் டாங்கிகள் இவ்விமானங்கள் நின்ற தத்சின்ஸ்காயா விமானதளத்துக்குள் புகுந்தன. பனிமூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ-52கள் தப்பிப் பறந்தன. அப்புறம் சால்ஸ்க், ஸ்வெரெவோ தளங்களிலிருந்து பறந்தன. ஆனால் எந்தப் பிரிவு எங்கே, எத்தனை விமானங்களோடு இருந்தது என்பது 1943 பிப்ரவரி தொடக்கம் வரை துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.

அச்சில் வந்த பிரிவு வரலாறுகளைப் புரட்டிவிட்டேன். ஜேஜி 54 போன்ற சண்டை விமானப் பிரிவுகளுக்குத் தடித்தடிப் புத்தகங்கள். மூட்டை சுமந்தவர்களுக்குச் சில பத்திகள்! ஃப்ரைபுர்க் ராணுவ ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலிலும் தேடினேன். இழப்புப் பட்டியல்களையும் பார்த்தாயிற்று. அவை விழுந்த விமானங்களைச் சொல்கின்றன, திரும்பி வந்தவை பற்றி மூச்சுவிடுவதில்லை. ஜெர்மன் விமானப்படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945இல் அழிக்கப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு 1943இல் இப்பிரிவுகளின் பெயர்களும் மாறின.

அந்த ஆறு வாரங்களில் பறந்த யூ-52 விமானிகளின் பறப்புப் பதிவேடுகள் எந்தக் காப்பகத்தில் அல்லது அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைக்கும்?