சரிவான மேடையில் டிரம்ஸ் அடுக்கிய அனுபவங்கள்

தலவாக்கலை உறுப்பினர்:

தோட்டத்துத் திருவிழா மேடை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கி, அதன்மேல் படங்கை விரித்துவிடுவார்கள். எந்தப் பக்கமாவது சாய்ந்தே இருக்கும். அங்கே டிரம்ஸ் வைத்தால் இரண்டு பாட்டுக்குள் பேஸ் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், புறப்பட்டுவிடும். பெடலில் விழும் ஒவ்வொரு மிதியும் அதை முன்னே தள்ளுகிறது அல்லவா?

லிந்துலைப் பக்கம் வாசிக்க வந்த ஒரு தம்பியின் பாடும் இதுதான். நல்ல கை அவனுக்கு. ஆனால் பேஸ் டிரம்மைத் துரத்தித் துரத்தி ஸ்டூலின் நுனிக்கே வந்துவிட்டான். முதுகு வளைந்து, தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. நல்லவேளையாக ஒரு பேச்சாளர் ஒலிவாங்கியை விடுவதாக இல்லை. அந்த நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டோம்.

முதலில் தடித்த கம்பளம். பேஸ் டிரம்மின் முன்கால்களில் ரப்பர் முனையைத் திருகினால் கூரிய ஆணி வெளியே வரும். கம்பளத்துக்கு ஆணி, வெறும் சீமெந்துத் தரைக்கு ரப்பர். முன்விளிம்பு ஒரு விரல் அளவு எழும்படி கால்களைச் சாய்த்து இறுக்கினோம். ஸ்டூலும் அதே கம்பளத்தில்தான் நிற்க வேண்டும். வாசிப்பவனின் எடையே கம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு டிரம்முக்கு முன்னால் பலகையில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்தோம். கோவில் தலைவர் முறைத்தார், படங்கு அவருடையதாம்.

பிறகு தம்பியை உட்காரவைத்தோம், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி. பாதங்கள் இயல்பாக விழுந்த இடத்தில் பெடலும், காலால் இயக்கும் இரட்டைச் சிம்பலான ஹைஹாட்டும். தொடைகளுக்கு நடுவில் ஸ்னேர் என்ற சிறிய டிரம், குச்சி தொடையில் இடிக்காத உயரத்தில். சிம்பல்கள், அதாவது உலோகத் தட்டுகள், கடைசியில்தான். பலர் எல்லாவற்றையும் அழகாக அடுக்கிவிட்டு, மிஞ்சிய இடுக்கில் போய் உட்காருகிறார்கள். பார்க்கும்போதே எனக்கு முதுகு வலிக்கும்.

பண்டாரவளை உறுப்பினர்:

அண்ணா, எங்கள் ஆலயத்தில் தரை சமம்தான், ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கும். காலை ஆராதனையில் ஆறடி உயர அண்ணன், மாலையில் பள்ளிக்கூடத் தங்கை. ஸ்டாண்ட் கால்கள் நிற்கும் இடங்களில் அவருக்கு நீல நாடா, இவளுக்குச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். ஸ்டூல் தண்டிலும் அப்படியே.

ஒருமுறை விருந்தினர் ஒருவர் வாசித்தபோது, சிம்பல் ஸ்டாண்டோடு கீபோர்டின்மேல் சாய்ந்தது. கை நீண்ட ஸ்டாண்டில் மூன்று கால்களில் ஒன்று சிம்பல் இருக்கும் பக்கமே நீண்டிருக்க வேண்டும். அன்று இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தின்மேல் அது நின்றிருந்தது.

நுவரெலியா உறுப்பினர்:

இங்கே 1,868 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குப் பஞ்சமில்லை. அப்பா தப்பு அடிப்பவர். நெருப்பில் காய்ச்சாமல் தொடமாட்டார். டிரம்ஸுக்கு அந்த வேலை இல்லை. 1957இல் தொடங்கிய ரெமோ போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தோலின் இடத்துக்கு மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தைக் கொண்டுவந்துவிட்டன. ஈரத்தில் அது தோல்போலத் தொய்வதில்லை.

தொல்லை திருகாணிகளில்தான். துருப்பிடித்த திருகு இறுகிவிட்டதாகக் கைக்குத் தோன்றும்; உள்ளே டிரம்மைத் தாங்கும் குழாய் பிடிபட்டிருக்காது. பாட்டுக்கு நடுவே, குழாயில் பொருத்திய டொம் என்ற டிரம் தலைகுனியும். துருவைத் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

ஆணியடிக்க விடாத மேடை என்றால், ஸ்டூல் காலையும் பேஸ் டிரம் காலையும் நைலோன் கயிற்றால் கட்டிப் பாருங்கள், அண்ணா. ஆள் உட்கார்ந்திருக்கும்வரை டிரம் எங்கும் போகாது. எழும்பும்போது கால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.