நாலாவது வேன்

ஓஎம்ஆர்காரன்:
மணலிப் பக்கம் ஒரு ஆலையின் டிஸ்டிலேஷன் டவருக்கு எரிபொருள் செலவைக் குறைக்கும் வேலை. 48 மாறிகள், எல்லாமே நேரியலற்ற சமன்பாடுகள். டவரைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் ஒன்றுக்கு 2 விநாடி. ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் வரும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் 16 வேலை பார்க்கக்கூடிய 16 கோர் மெஷின் வாங்கித் தந்தார்கள். வேகம் இம்மியும் கூடவில்லை. சால்வர், அதாவது சிறந்த விடையைத் தேடும் நிரல், அடி அடியாக வரிசையில்தான் போகும். இந்த அடி எங்கே விழுந்தது என்று தெரியாமல் அடுத்த அடியை வைக்காது.

நேரம் எங்கே போகிறது என்று அளந்த பிறகுதான் பிடிபட்டது. எங்களிடம் டெரிவேட்டிவ், அதாவது மாறியை நகர்த்தினால் விடை எவ்வளவு மாறும் என்ற சரிவுக்கான சூத்திரம், கிடையாது. ஒவ்வொரு மாறியையும் துளி நகர்த்தி, சிமுலேஷனை மறுபடி ஓட்டி, வித்தியாசத்தை வைத்துச் சரிவைக் கணக்கிடுகிறோம். நிற்கும் புள்ளிக்கு ஒன்று, மாறிகளுக்கு 48, ஆக 49 ஓட்டம், 98 விநாடி. அப்புறம் அந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவது என்று தேட 4 விநாடி. அந்த 49 ஓட்டங்களும் ஒன்றையொன்று எதிர்பார்க்காதவை. பிரித்து 16 கோருக்கும் கொடுத்தேன்.

முதல் நாள் முன்பைவிட மெதுவாக ஓடியது! ஒவ்வொரு சிமுலேஷனும் உள்ளே தானாக 16 த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) திறந்திருக்கிறது. 16 கோருக்கு 256 த்ரெட். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரங்கநாதன் தெரு மாதிரி. த்ரெட்களைத் திறந்துவிடுவது ஓப்பன்எம்பி; அதன் த்ரெட் எண்ணிக்கையை 1 ஆக்கியதும் அடங்கியது.

ஆனாலும் 49 ஓட்டத்துக்கு 8 விநாடி. 16 பேர் ஏறும் வேனில் 49 பேரை அனுப்பினால், மூன்று வேன் நிரம்பி, மிச்சமுள்ள ஒருவருக்காக நாலாவது வேன் கிளம்ப வேண்டும். யார் அந்த ஒருவர்? நிற்கும் புள்ளி. அதன் விடைதான் முந்தைய தேடலிலேயே கைக்கு வந்துவிட்டதே! அதைச் சேமித்து வைத்தேன், 6 விநாடி. ஒரு சுற்றுக்கு 102 விநாடி ஆன இடத்தில் 10.

தரமணி ஆய்வு மாணவி:
என் கதை நேர்மாறு. நான் பயன்படுத்துவது இப்போப்ட் என்ற சால்வர். டெரிவேட்டிவ் எல்லாம் தானியங்கி வகையிடலில், அதாவது கணினியே வகையிட்டு, சட்டென்று வந்துவிடும். சுற்றுக்குச் சுற்று பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்ப்பதில்தான் நேரம் கரையும். அதைத் தீர்க்க வைத்திருந்தது எம்ஏ27 என்ற நிரல்; ஒற்றைக் கோரில் ஓடுவது. த்ரெட்களில் ஓடும் வேறொன்றுக்கு மாறினேன். பெரிய கணக்குகள் வேகமாயின, சின்னவை மெதுவாயின. சரி, போகட்டும். த்ரெட் எண்ணிக்கையை மாற்றினால் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறியதுதான் தலைவலி. த்ரெட் எண்ணிக்கை மாறினால் எண்களைக் கூட்டும் வரிசை மாறும், அதனால் கடைசி தசமம் மாறும். அது போதும், சால்வர் போகும் வழி பிரிந்துவிடும். "எதும்மா சரி?" என்றார் கைடு. இரண்டும்தான் சார் என்றால் நம்புவாரா? எம்ஏ97 என்ற இன்னொரு நிரல் எத்தனை த்ரெட் கொடுத்தாலும் ஒரே விடை தரும் என்பதால் அதற்கு மாறித் தப்பித்தேன்.

ஓஎம்ஆர்காரன்:
தசமத் தலைவலி எனக்கு வரவில்லை, தப்பித்தேன். எங்கள் மேனேஜர் 64 கோர் வாங்கலாமா என்றார். 48 பேரும் ஒரே வேனில் போய்விடுவார்கள், 2 விநாடி. ஆனால் தேடலின் 4 விநாடி அப்படியே நிற்கும். 10 போய் 6. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்குதான்: பிரிக்க முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு வரம்பு. நாலு மடங்கு கோருக்கு இரண்டு மடங்கு வேகம்கூட வராது சார் என்றேன். அந்தப் பணத்தில் சர்வர் ரூம் ஏசியை மாற்றினார்கள்.