உதவி: கண்ணாடிக் கேத்தல் சும்மா இருக்கும்போதே விரிசல் விட்டது

ஜெலுத்தோங்_அக்கா:
வணக்கம். இங்கே பினாங்கில் ஒரு கடையில் 45 வெள்ளிக்குக் கண்ணாடிக் கேத்தல் வாங்கினேன். பெட்டியில் 'போரோசிலிகேட்' (சூடு தாங்கும் கண்ணாடி வகை) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு மாதமாக செராயும் (எலுமிச்சைப்புல்) இஞ்சியும் தட்டிப் போட்டு தினம் கொதிக்க வைக்கிறேன். நேற்று இறக்கி வைத்துப் பத்து நிமிஷம் இருக்கும், 'டிக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து கீறல் வளைந்து அடிவரைக்கும் போய்விட்டது. போலிச் சரக்கா? அதே மாதிரி ஒன்றை மாமியாருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதுதான் பயம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மாமா:
ஈரமான டைல்ஸ் மேல வெச்சிருப்பீங்கம்மா.

ஜெலுத்தோங்_அக்கா:
இல்லை மாமா, காய்ந்த மரப்பலகை மேல்தான்.

லேப்_தம்பி (கோலாலம்பூர்):
அக்கா, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் போரோசிலிகேட் விரியும். அதனால்தான் சூடு தாங்குகிறது. ஆனால் சூடு தாங்குவது வேறு, உடையாமல் இருப்பது வேறு. கைப்பிடியை நெருப்பில் உருக்கி ஒட்டிய பிறகு முழுச் சாமானையும் சூளையில் 560 டிகிரி வாக்கில் வைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் ஒட்டின இடத்தில் இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். தினம் சூடேறி ஆறும்போது ஒருநாள் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். கம்பி நாரால் தேய்த்தீர்களா?

ஜெலுத்தோங்_அக்கா:
தேய்த்தேன் 😔 இஞ்சிக்கறை போகவே இல்லை.

லேப்_தம்பி:
அந்தக் கீறல்களும் கூட்டுச் சேர்ந்திருக்கும். போலியா என்று பார்க்க, உடைந்த சில்லு ஒன்றை இடுக்கியால் எடுத்து சூரியகாந்தி எண்ணெயில் போடுங்கள். போரோசிலிகேட் என்றால் கிட்டத்தட்ட மறைந்துவிடும், இரண்டும் ஒளியை வளைப்பது ஏறக்குறைய ஒரே அளவு. சாதாரணக் கண்ணாடியின் ஓரம் தெளிவாகத் தெரியும். மாமியார் கேத்தலுக்கு வேறு சோதனை: லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸை அதன் முன் இருட்டாகும்வரை திருப்புங்கள். ஆறிய கேத்தலை நடுவில் காட்டினால், இறுக்கம் உள்ள இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மாமா:
விரிசல் விட்டதுல இனி தண்ணிகூட குடிக்காதீங்க. கண்ணாடித் துகள் உள்ளே போயிடும்.

ஜெலுத்தோங்_அக்கா:
இன்று பார்த்தேன். எண்ணெயில் சில்லு எங்கே என்று தேட வேண்டியதாகிவிட்டது, விரலை விடாதீர்கள் என்று பிள்ளைகளை விரட்டினேன். ஆக, கண்ணாடி அசல்தான். மாமியார் கேத்தலில் கைப்பிடியின் கீழ் ஒட்டில் நகம் அளவுக்கு வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. அடுப்பில் வைக்காதீங்க அத்தை என்றேன். "நல்லாத்தானே இருக்கு" என்கிறார். இப்போதைக்கு அதில் சிராப் கலக்கி வைத்திருக்கிறார், ஐஸ் போட்டு. தம்பி, ஐஸும் ஆபத்தா?

லேப்_தம்பி:
கேத்தல் ஆறியிருந்தால் ஐஸ் பரவாயில்லை, மெதுவாகப் போடச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் வேண்டாம்.