புதுப்பிப்பு: பீட்டில்ஸ் என்ற பெயர் ஒரே நாளில் வரவில்லை

பள்ளிப் பையன்கள் தொடங்கும் இசைக்குழுக்களைப் பற்றிய என் முந்தைய இழையில், பீட்டில்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில இசைக்குழு முதல் நாளே அந்தப் பெயரோடு கிளம்பியதுபோல எழுதிவிட்டேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

1956-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில், பின்னாளில் பீட்டில்ஸ் பாடகரான ஜான் லெனன் தொடங்கிய குழுவின் பெயர் குவாரிமென். அவர் படித்த குவாரி பேங்க் பள்ளியிலிருந்து எடுத்தது. கனத்த அடிநாதம் தரும் பேஸ் கிட்டாருக்குப் பதில் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பக் கம்பு நட்டு, கயிறு கட்டி மீட்டினார்கள். 1957 ஜூலையில் ஒரு தேவாலய விழாவில்தான், பின்னாளில் பீட்டில்ஸின் இன்னொரு பாடகரான பால் மெக்கார்ட்னி லெனனுக்கு அறிமுகம். அப்போது பாலுக்கு வயது 15. அப்புறம் பெயர் மாறிக்கொண்டே போனது. அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் குழுவான 'கிரிக்கெட்ஸ்' என்ற பெயருக்குச் சில்வண்டுகள் என்று பொருள். அதைப் பார்த்து இவர்களும் வண்டைக் குறிக்கும் 'பீட்டில்' (beetle) என்ற ஆங்கிலச் சொல்லைப் பிடித்தார்கள். தாளத்தைக் குறிக்கும் 'பீட்' (beat) உள்ளே வரும்படி எழுத்தை மாற்றி Beatles ஆக்கினார்கள்.

1960-இல் வாசிக்கப் போன ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு சினிமா கொட்டகையின் திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டிய அறையில் படுத்தார்கள். ராத்திரி முழுக்க வாசிப்பு. பெயரைவிட அந்த ராத்திரிகள்தான் அவர்களை உருவாக்கின என்று உறுதியாக நம்புகிறேன். 1962 ஜனவரி 1 அன்று டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் 15 பாட்டு பாடிக் காட்டினார்கள். நிறுவனத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அக்டோபரிலேயே ஈஎம்ஐ என்ற வேறொரு இசைத்தட்டு நிறுவனம் வழியாக முதல் இசைத்தட்டு வந்துவிட்டது.